சத்து மாத்திரை

"வியாதியோட பேரைச் சொல்லுங்க சார்."

அதை மட்டும் டாக்டரிடம் கேட்கவே கூடாது என்று அப்பா சின்னப்பன் அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

தாம்பரம் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் தோத்தாத்ரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"பேஷண்ட் அருள்மேரிக்கு நீ என்னம்மா வேணும்?"

"அக்கா."

"அப்பா வரலையா?"

"பல்லாவரத்துல, தோல் கம்பெனியில ஷிப்ட்டு. என்கிட்ட சொல்லுங்க. பி.எஸ்சி. முடிச்சிருக்கேன். எங்க வூட்ல முதல் டிகிரி. புரியும்."

கதவு மூடியிருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டார்.

"பிளட் கேன்சர்மா. இவ்வளவு நாள் மாத்திரைக்கு அடங்கியிருந்தது. இப்போ அடங்கலை."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் அடங்கலை?"

"கோடிக்கணக்கான செல்லுல சிலது மாத்திரைக்கு மசியாத ரகம். மத்தது செத்ததும் அதுக்கு இடம் கிடைச்சுடும், பெருகிடும். நடுவுல மாத்திரையை விட்டா இன்னும் வசதி. தினம் போட்டாளா?"

"சத்து மாத்திரைன்னு பொய் சொல்லிகினே குடுத்தா யாரு சார் தினம் போடுவா? குமட்டுதுன்னு பாதி நாள் ஜன்னலுக்கு வெளிய வீசினா. உசுரு காக்குற மாத்திரைன்னா முழுங்கியிருப்பா இல்ல?"

"கத்தாதேம்மா. ஒழுங்கா போட்டவங்களுக்கும் இப்படி ஆகறதுண்டு."

"வேற மருந்தே இல்லியா?"

"ஊசி இருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில படுக்கணும். கேக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். போன வாரமே உங்கப்பாகிட்ட சொன்னேன். முடி கொட்டும், பொண்ணுக்கு விஷயம் தெரிஞ்சு போயிடும், வேணாம்னுட்டார். ரிப்போர்ட்டைத்தான் கொண்டு வரார், பொண்ணைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறார்."

"தெரிஞ்சா இன்னா சார்? தெரியாம செத்தா நல்லா இருக்குமா? ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுங்க."

"அப்பா கோவிச்சுப்பாரே?"

"கோவிச்சுகட்டும்."

டாக்டர் எழுதினார். கொடுக்கும்போது கையை நிறுத்தினார். "பேஷண்ட் ஒத்துக்கணுமேம்மா?"

"எனக்குச் சம்மதம் சார்" என்றாள் அருள்மேரி. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், வீட்டுப் பக்கம் திரும்பாமல், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரே ரயிலடிக்கு நடந்தாள்.