செம்மல் வாங்கிய போட்

"கொளஞ்சியண்ணன் போயி நாப்பது நாள்கூட ஆவல. அதுக்குள்ள அந்தாளு மீன் புடிக்க போட் வாங்குறாராம்க்கா."

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள் ஹேமலதா. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் அவளுக்கும் அஞ்சலாட்சிக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை.

"யாரு, செம்மலா?"

"ஆமாக்கா. எங்க வீட்டாண்டதான் அந்த ஃபைபர் போட் செய்யற பட்டறை. நாலு நாளா வந்து வந்து பாக்குறாரு. இது சரியில்ல, அது சரியில்லன்னு பொறுக்கிக்கினு இருக்காராம்."

செம்மல் அஞ்சலாட்சியின் புருஷன் கொளஞ்சியின் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், தூண்டிலும் கையுமாக வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அவன்தான் வந்து கூப்பிட்டான். லாரி டியூப்பில் பலகையைக் கட்டிக்கொண்டு, விரால் பிடிக்க ஏரிக்குள் போன கொளஞ்சி திரும்பி வரவில்லை. கரையில் நின்ற செம்மல் திரும்பி வந்தான்.

காரியத்தன்று பந்தலுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வா என்று அவள் கூப்பிடவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அப்போதெல்லாம் மனசு ஓரத்தில் கொஞ்சம் உறுத்தியது. இப்போது அதுவும் போய்விட்டது.

பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். கேட்டுவிட வேண்டும். நாலு பேர் எதிரிலேயே கேட்டுவிட வேண்டும்.

உழவர்கரையில் அந்தப் பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலிலேயே பிசின் வாடை மூக்கில் ஏறியது. கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவிலிருந்து பட்டறைக்காரர் பிரேம்குமார் வந்தார்.

"செம்மல்னு ஒருத்தர் வந்திருக்காரா?"

"பின்னாடி அளவு பாத்துக்கினு இருக்காரு. நீங்க அவரு வீட்டுக்காரம்மாவா? நல்லவேளை வந்தீங்க மேடம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "என்ன சொல்லணும்?" என்றாள்.

"ஒத்த ஆள் போற கயாக் காட்டினேன். சத்தமே வராது, விரால் புடிக்கறவங்க அதத்தான் கேப்பாங்க. ரெண்டாவது ஆளுக்கு எடம் இல்லன்னுட்டாரு. அடி கூரா இருக்கறது காட்டினேன், ஆழத் தண்ணியில அம்சமாப் போவும். தாமரைக்கொடியில மாட்டிக்கும்னுட்டாரு. கடைசியில, அடி தட்டையா இருக்கறத எடுத்துக்கறேன்னாரு. சரின்னு பாத்தா, படகோட பக்கச் செவர ஒரு சாண் எறக்கச் சொல்றாரு. எறக்கினா அலைத் தண்ணி உள்ள வரும்னா கேக்கல. தூண்டில் சொருவ வளையம் வெக்கறேன்னா அதுவும் வேணாமாம். பன்னெண்டு வருஷமாத் தொழில் பண்றேன். மீன் புடிக்கறவங்க யாரும் இப்படிக் கேட்டதில்ல மேடம்."

அவர் சொன்னது எதுவும் அஞ்சலாட்சிக்குள் போகவில்லை. நாலு நாளாக, இவ்வளவு ஆசையாக, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வாங்குகிறான் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே செம்மல் வந்தான். முகம் ஒடுங்கிப்போய், சவரம் செய்யாத தாடி. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அண்ணி."

"வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெடி ஆயிடுமா?"

செம்மல் டேப்பைச் சட்டைப்பையில் போட்டான்.

"அவருக்கு லாரி டியூப்பு. உனக்கு போட்டா?"

பிரேம்குமார் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கில்ல அண்ணி," என்றான் செம்மல். "தூண்டிலெல்லாம் அன்னிக்கே ஒடச்சிப் போட்டுட்டேன். இது அந்த ஏரிக்கரையில கெடக்கறதுக்கு. அந்த ஊர் ஆளுங்ககிட்ட பேசிட்டேன்."

"எதுக்கு?"

அவன் பக்கத்துப் படகின் விளிம்பைத் தொட்டான்.

"பக்கம் ஒசரமா இருந்தா, தண்ணியில தத்தளிக்கிற ஆள ஒருத்தனால இழுத்து ஏத்த முடியாது அண்ணி."

அஞ்சலாட்சி கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள். இத்தனை நாளும் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வி அது.

"கூப்புட்டாரா?"

"கூப்புட்டாரு. எம்பேரச் சொல்லித்தான் கூப்புட்டாரு. எனக்கு நீச்சல் தெரியாது. கழுத்துத் தண்ணி வரைக்கும் போனேன். அதுக்கு மேல காலு எட்டல அண்ணி."

பட்டறையில் படகைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட மெஷினை நிறுத்தியிருந்தார்கள். பிரேம்குமார் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"அப்ப முன்னாடி ஒரு இரும்புக் கொக்கி வெச்சிடறேன் சார். செயின் போட்டுப் பூட்டிடலாம். சும்மா கரையில விட்டா எவனாவது தள்ளிக்கினு போயிடுவான்."

"கொக்கி வேணாங்க."

"திருடு போயிடும் சார்."

"போனா இன்னொண்ணு வாங்கிப் போடறேன். பூட்டற மாதிரி மட்டும் எதையும் வெச்சிடாதீங்க."

சொல்லிவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாக அஞ்சலாட்சியின் முகத்தை நேராகப் பார்த்தான் செம்மல்.

"அன்னிக்கும் கரையில ஒரு போட் இருந்துச்சி அண்ணி. பூட்டியிருந்துச்சி."