எவ அந்தக் குதிரை?

சமையலறையில் சோனியா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் புருஷன் சாம்சன் போனில் குழைந்துகொண்டிருந்தான்.

“மோனிகா, அவ கொரலு கரகரன்னு இருக்கும். ஆனா கேட்டுக்கினே இருக்கலாம். இங்கிலீஷ்ல அதுக்கு இன்னா? ஹஸ்கியா, ஹோர்ஸா?”

சோனியா கரண்டியைக் கீழே வைத்தாள். எவளோ ஒருத்தியின் குரலைப் பற்றி இன்னொருத்தியிடம் பேச்சு! அவளுக்குத் தெரிந்த ஹோர்ஸ், குதிரைதான்.

“ஹோர்ஸ் வாணாம், ஹஸ்கின்னே போடு!” என்று சிரித்தான் சாம்சன்.

அவ்வளவுதான். பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்தாள். “எவ அந்தக் குதிரை?”

அவள் குரல் கரகரவென்று வந்தது. அவள் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ஒரு மாதமாக அப்படித்தான்.

“பேசாதன்னு சொன்னேன்ல!” என்று அவன் பதறினான். “உன் தொண்டைக்குத்தான் டாக்டருக்கு எழுதச் சொல்றேன். அவரு வடநாட்டுக்காரரு, இங்கிலீஷ்லதான் சொல்லணும். போன்ல இருக்கறது எங்க கம்பெனி நர்ஸு.”

போனை ஸ்பீக்கரில் போட்டான். மோனிகா சிரித்தாள்.

“அக்கா, ஹோர்ஸ்னா தொண்டை கட்டினது. டாக்டருக்கு அதையே எழுதிட்டேன். ஹஸ்கின்னா கேக்க இனிக்கிற கரகரப்பு, அது அண்ணன் காதுக்கு மட்டும்!”