பி. ஓ. ஐ.

மாமனாரின் ஆள்காட்டி விரல் சாப்பாட்டு மேசைமேல் தட்ட ஆரம்பித்தது.

தலை விண்ணென்று தெறிக்கிறது என்று அப்போதுதான் சொல்லி முடித்த மருமகள் எழுந்து போகவில்லை. தட்டில் சோற்றைக் கிளறுகிற மாதிரி குனிந்துகொண்டு காதைத் தீட்டினாள்.

எதிரே மாமியாரின் விரல் ஏதோ பதில் தட்டியது.

இருவரும் தந்தி ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள். கல்யாணப் பேச்சே தட்டித்தான் முடிந்ததாம். ஆபீஸை இழுத்து மூடியும் இவர்கள் விரல் ஓயவில்லை.

எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது இருவரும் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டால், அந்த ஒருத்தி என்னதான் நினைப்பாள்? தன் தலைதான் உருளுகிறது என்று நினைப்பாள். நினைத்தாள். இரவு வேலைக்குப் போகும் கணவனிடம் சொன்னால், அது ஆபீஸ் பழக்கம், விட்டுத்தள்ளு என்றான். அவள் விடுகிற ரகம் இல்லை. என்றைக்காவது கையும் களவுமாகப் பிடிப்பேன், அன்றைக்கே தனிக்குடித்தனம் என்று சொல்லிவிட்டாள்.

பிடிப்பதற்கு இணையத்தில் பள்ளிக்கூடமே இருந்தது. தந்தியில் தட்டுகிற மோர்ஸ் குறிகளைக் கற்றுக்கொடுக்கும் தளம். ஏ, பி, சி என்று தொடங்காமல் கே, எம் என்று தொடங்கியது. ஓசையைக் கேட்டு எழுத்தைத் தொட வேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஆரம்பத்தில் எல்லாம் சிவப்புதான். விட்டுப்போன எழுத்தைத் துரத்தாதே, அடுத்ததைக் கேள் என்று தளம் அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டதும் தலைவலி என்று சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். காதில் ஹெட்போன். ஒரு மாதமாகத் தலைவலி. ஒரு மாதமாகப் பாத்திரங்கள் மாமியார் கையில்.

மேசையில் தட்டினால் நீள ஓசை வராது என்பது பிறகுதான் உறைத்தது. நகம் பட்டால் புள்ளி, விரலின் சதை பட்டால் கோடு. அதைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் எழுத்துதான் இங்கிலீஷ், பேச்சு தமிழ்.

இப்போது மாமனாரின் விரல்.

ஏ. வி. ஏ.

அவ. தன்னைப் பற்றித்தான்.

பி. ஓ. ஐ.

பொய்.

விரல் மேலே தட்டிக்கொண்டே போனது. அதற்குமேல் அவளுக்கு எதுவும் ஏறவில்லை.

"நான் பொய் சொல்றேனா மாமா? நேரா வாயால சொல்லுங்களேன்."

விரல் நின்றது. தட்டை எடுக்கப் போன மாமியாரின் கையும் நின்றது.

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தலைவலி பொய்தானே.

மாமனார் கோபப்படவில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தட்டினார். இந்த முறை நிதானமாக, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தட்டுகிற மாதிரி, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு.

ஏ, வி, ஏ. பி, ஓ, ஐ.

இந்த முறை அவள் அங்கே நின்றுவிடவில்லை. பி, ஏ, டி, யூ என்று விரலின் பின்னாலேயே போனாள்.

அவ போய் படுக்கட்டும். பாத்திரம் நான் தேய்க்கறேன். உனக்குக் கை வலி.

அந்த இங்கிலீஷ் எழுத்தில் பொய்யும் ஒன்றுதான், போயும் ஒன்றுதான்.

அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மாமனாரோ தட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டார்.

மாமியார் எழுந்து வந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்த அந்தக் கையாலேயே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப தலைவலி தேவலையாம்மா?"