நாலு சக்கரமும் இழுக்கும்

"மாட்டிக்கிச்சுன்னா நாளைக்கே இதை வித்துட்டு ஒரு சின்ன கார் வாங்கணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றாள் மனைவி.

"மாட்டாது" என்றார் கணவர். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

ஜீப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தது. புது மாடல். காடு மேடு எங்கேயும் போகும் என்று விற்றவர் சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து கணவருக்கு ஒரே சந்தேகம். ஸ்டீயரிங் இவ்வளவு லேசாகத் திரும்பினால் உள்ளே எதையோ குறைத்திருக்கிறார்கள். பழைய ஜீப்பில் போனால் முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். இதில் குலுக்கலே இல்லை. அதுவும் சந்தேகம்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட 'பல்லெல்லாம் உன்னுதுதானா'ன்னு கேட்ட ஆளாச்சே நீங்க!"

"அதை விடு. உட்கார்ந்தா மொட்டை மாடியில இருந்து பார்க்கிற மாதிரி இல்லை?"

"இறங்கும்போது மொட்டை மாடியில இருந்து குதிக்கிற மாதிரியும் இருக்கு."

ஊரைத் தாண்டி, கடைசி வீடுகளுக்குப் போகும் பாதை ஓரிடத்தில் சேறாகக் கிடந்தது. பால் வண்டியே அங்கே மாட்டிக்கொண்டதாக ஆபீஸில் கேள்விப்பட்டு, ஜீப்பை அதில் ஓட்டிப் பார்க்கவே வந்திருந்தார்.

சேற்றுக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புத் துண்டை வீசி மறித்தான். முழங்கால் வரை மண். பக்கத்தில் மரத்தடியில் ஒரு டிராக்டர்.

"சார், இதுல போகாதீங்க. மண்ணு இன்னும் இறுகலை. இடது பக்கம் பாறை மேட்டுல ஏத்திப் போயிடுங்க. உங்க வண்டிக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை."

கணவர் கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டு மனைவி பக்கம் சாய்ந்தார்.

"டிராக்டரைப் பார்த்தியா? பின்னாடி கயிறு ரெடியா தொங்குது. சேத்தைப் பண்ணி வெச்சுட்டு, மாட்டுற வண்டியை இழுத்துவிட்டுக் காசு பாக்குற ஆளு."

"அப்படின்னா 'போங்க போங்க'ன்னு இல்லை சொல்லணும்? போகாதீங்கங்கிறாரே!"

"அங்கேதான் இருக்கு தந்திரம். போகாதேன்னு சொன்னா நம்ம ஆளுங்க கட்டாயம் போவாங்கன்னு அவனுக்குத் தெரியும்."

"அப்போ போகாதீங்க."

"போகலைன்னா பாறை மேடு. அங்கே அடியில இடிச்சு ஏதாவது உடையும். மறுபடியும் அவன்கிட்டதான் வந்து நிக்கணும். அவனும் பாறையும் கூட்டு."

"பாறையுமா?"

"சார், ஒரு நிமிஷம், நான் எதுக்குச் சொல்றேன்னா..." என்று அவன் ஜன்னலைத் தட்டினான்.

கண்ணாடி முழுதாக ஏறியது. கணவர் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் குமிழைத் திருகினார். டாஷ்போர்டில் நாலு சக்கர விளக்கு பச்சையாக எரிந்தது. அவன் துள்ளி விலகினான்.

ஜீப் உறுமியது. ஒரு கணம் வழுக்கியது. மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நாலு சக்கரமும் மண்ணை இறுகப் பற்றின. இரண்டு பக்கமும் சேறு வாரி அடிக்க, அசைந்து அசைந்து அக்கரையில் போய் ஏறி நின்றது.

கணவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பார்த்தியா? பார்த்தியாடி? இனிமே சின்ன கார்ங்கிற பேச்சே எடுக்கக் கூடாது!"

"சரிங்க, ஜெயிச்சுட்டீங்க" என்று அவளும் சிரித்துவிட்டாள். "நல்ல வண்டிதான்."

அவருக்கு அது போதவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"என்னப்பா, கயித்துக்கு வேலை இல்லாமப் போச்சே!"

அவன் ஜீப்பைப் பார்க்கவே இல்லை. சக்கரங்கள் உழுதுவிட்டுப் போன இரண்டு ஆழமான பள்ளங்களுக்கு நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போட்டான். அது தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்தது.

மனைவியின் சிரிப்பு நின்றது. "என்ன ஆச்சுப்பா?"

"விடியக்காலையில இருந்து டிராக்டர்ல மண்ணு அடிச்சு நிரவினேம்மா. இடுப்புல ஆபரேஷன் ஆன எங்க அம்மாவை இன்னைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வர்றாங்க. வெயில்ல அதுக்குள்ள இறுகிடும்னு நினைச்சேன்."

எழுந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான்.

"உங்க வண்டி மாட்டும்னு நான் நினைக்கவே இல்லை சார். அது எங்கேயும் போகும். அம்மா வர்ற ஆட்டோதான் இனிமே இதுல போகாது."