எதிர்வரிசை

எடை குறைவதற்காகத் தமயந்தியின் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. வயிற்றிலிருந்த ஐந்து தையல்களும் காய்ந்து அரிக்கத் தொடங்கியிருந்தன. பருப்புத் தண்ணீரும் இளநீரும்தான் சாப்பாடு. "இந்த உடம்போட எங்கூட வராத" என்று பத்து வருடமாகச் சொல்லிவந்த கணவன் முகுந்தன், தன் தங்கை மகள் கல்யாணத்துக்கும் தனியாகவே கிளம்பினான்.

"நானும் வரேங்க."

"வந்து சாப்பிடாம உக்காந்திருந்தா என்ன ஏதுன்னு கேப்பாங்க. ஆபரேஷன்னு சொல்லச் சொல்றியா? அசிங்கம்."

அவன் போனதும் ஆட்டோ பிடித்தாள். பந்தியில் அவனுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். இலை போட வந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இலை வேணாம்ணே. வயித்துல ஆபரேஷன். ஒரு டம்ளர் மோர் மட்டும் குடுங்க."

மோர் வருவதற்குள் முகுந்தன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினான்.