வெட்ட வெட்ட ஏறிய கோடு

வெட்ட வெட்டக் கடன் வளர்ந்தது.

ஆண்டுதோறும் அரசுச் செலவில் ஒரே அளவு வெட்டு என்று கணினிக்குக் கொடுத்ததும், திரையில் கடன் கோடு இறங்காமல் ஏறியது. அவள் இன்னும் கொஞ்சம் கூட்டி வெட்டிப் பார்த்தாள். கோடு இன்னும் ஏறியது.

நிதித் துறையின் கணிப்புப் பிரிவில் அவளும் மூத்த சகாவும் காலையிலிருந்து பிழை தேடிக்கொண்டிருந்தார்கள். அவரை எல்லோரும் 'சந்தேகம்' என்றே கூப்பிடுவார்கள். தன் கையெழுத்தையே இரண்டு முறை சரிபார்க்கிறவர். அவர் கண்ணுக்கே ஒன்றும் அகப்படவில்லை.

மாலைக்குள் விடை வராவிட்டால், செலவைக் குறைக்கச் சுகாதார நிலையங்களை மூடும் ஆணையில் நிதிச் செயலாளர் ஒப்பமிட்டுவிடுவார். அவற்றில் ஒன்றில் அவளுடைய அக்கா செவிலி. வேறு வேலை தேடட்டுமா என்று அக்கா மதியம் போனில் கேட்டாள். இவள் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினாள்.

நாட்டின் கடனை யாரும் தனியாக அளப்பதில்லை. நாட்டின் வருமானத்தால் வகுத்துத்தான் அளப்பார்கள். மேலே கடன், கீழே வருமானம். மேலே இருப்பது குறைந்தாலும், கீழே இருப்பது அதைவிட வேகமாகச் சரிந்தால் விடை பெருகத்தான் செய்யும்.

கீழே இருப்பது ஏன் சரிகிறது?

நாளை என்ன வரும் என்று யாருக்கும் தெரியாததால், அவர்களுடைய கணித மாதிரி ஆயிரக்கணக்கான எதிர்காலங்களைக் குலுக்கிப் போட்டிருந்தது. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆண்டு ஆண்டாக நடந்தாள்.

மந்தமான ஆண்டில் வெட்டு விழுந்தது. சம்பளம் நின்றவர் கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் ஆளைக் குறைத்தார். நாட்டின் வருமானம் சரிந்தது, வரியும் வற்றியது.

செழிப்பான ஆண்டிலும் அதே வெட்டு விழுந்தது. வேலை போனவரை அடுத்த வாசலிலேயே யாரோ கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். வருமானம் சரியவில்லை.

"அண்ணே, பிழை இருந்தாத்தானே கிடைக்கும்? எல்லா வருஷமும் ஒரே அளவுன்னு நாம கொடுத்ததுதான் தப்பு" என்று அவர் பக்கம் திரும்பினாள்.

ஒரே அளவு என்ற நிபந்தனையை அழித்தாள். அந்தந்த ஆண்டின் நிலவரத்தைப் பார்த்து, எவ்வளவு வெட்டலாம் என்பதை மாதிரியே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டாள்.

கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்த்தன. நூறில் ஒன்றிரண்டு முரண்டு பிடித்தன, மற்றவையெல்லாம் இறங்கின.

சந்தேகம் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் இறங்கின. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. எழுந்து நின்று, செயலாளரிடம் போக அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அவள் சொன்னதைக் கேட்ட செயலாளர் பேனாவை மூடாமலே, அப்படியானால் இந்த ஆண்டு எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்டார்.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, மாதிரி தேர்ந்திருந்த முதல் எண்ணைக் காட்டினாள். சுழியம். நாடு மந்தத்துக்குள் நுழைந்து இரண்டு மாதமாகியிருந்தது.

அவர் கோடுகளைப் பார்த்தார். ஆணையை ஒப்பமிடாமல் இழுப்பறைக்குள் தள்ளினார். அமைச்சரிடம் சொல்ல ஒரே ஒரு விதி போதும், சொல்லு என்றார்.

"கஷ்ட காலத்துல வெட்டக் கூடாது சார். நல்ல காலம் வந்ததும் ரெண்டு மடங்கு வெட்டணும்."