இரண்டு ஹெல்மெட்

பைக்கைக் கிளப்பியதும் திரையில் சாலை, மழை, ஸ்போர்ட் என்று மூன்று மோடு வரும். கீழே, எத்தனை பேர் ஏறியிருக்கிறோம் என்பதற்கு ஹெல்மெட் படம். அக்கா இறந்து இரண்டு மாதமாகிறது. நான் ஒரு ஹெல்மெட்டைத்தான் அமுக்குகிறேன். தெருமுனை தாண்டுவதற்குள் அது இரண்டாகிவிடுகிறது.

“சென்சார்ல கோளாறு இல்ல சார். எடையைப் பாத்து அதுவா மாத்திக்குது,” என்றார் மெக்கானிக்.

அக்கா வேலை பார்த்த ஆய்வகத்தின் வாசலில் காலையில் நிறுத்தினால் மறுபடி ஒன்றாகும். மாலையில் அங்கேயே நிறுத்தினால் இரண்டாகும். ஒரு நாளும் நிறுத்தாமல் போனதில்லை.

இன்று மாலை மழை வருமென்று ஆய்வகத்தில் நிறுத்தாமல் பாலத்து வழியாக நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். திரையில் ஒரே ஹெல்மெட். அம்மா கதவைத் திறந்து என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.

“நீ மட்டுந்தான் வந்தியா?”

தூற ஆரம்பித்தது. மழை மோடைப் போட்டு வண்டியைத் திருப்பினேன்.